ஏசி போட்டால்தான் சுற்றும் ஃபேன்

கோட்டையூரைத் தாண்டிக் கடைசித் தெருவிளக்கும் முதுகுக்குப் பின்னால் போன பிறகு, ஷீலாவின் காதில் அதுவரை விடாமல் கேட்டுக்கொண்டிருந்த ஓர் இரைச்சல் சட்டென்று நின்றது.

மற்றவர்களுக்கு அது ஒரு சத்தமாகவே பட்டிருக்காது. முன்னால் தட்டுவண்டியில் மாதா சுரூபம் போய்க்கொண்டிருந்தது. அதில் கட்டிய ஒலிபெருக்கியில் ஜோசப் ராஜ் வாத்தியார் தொண்டை கட்டிய குரலில் ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தார். காவி உடுத்திய கூட்டம், பாதித் தூக்கத்திலும் பாதி வலியிலும், பதில் சொல்லிக்கொண்டே நடந்தது. காரைக்குடியிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடைபயணம். சாயங்காலம்தான் கோவிலிலிருந்து புறப்பட்டிருந்தார்கள். கூட்டத்துக்குக் கடைசியில், ஆள் நடக்கிற வேகத்தில், ஒரு வெள்ளை அம்பாசடர் ஊர்ந்து வந்தது. ஓட்டுவது ஷீலாவின் அப்பா சூசைமரியான். பக்கத்தில் அம்மா சவரியம்மாள். காரை ஒட்டினாற்போல, வெறுங்காலோடு, ஷீலா.

நின்றுபோனது அந்தக் காரின் ரேடியேட்டர் ஃபேன். அதற்கு வயர் இழுத்தவள் அவள்தான். அது ஏன் நின்றது என்பதும், இனி என்ன ஆகும் என்பதும், அந்தச் சாலையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

எட்டிப் பார்த்தாள். ஏற்றியிருந்த கண்ணாடி இறங்கியிருந்தது. அம்மாவின் முழங்கை வெளியே தெரிந்தது.

"ஏம்மா, ஏசிய நிப்பாட்டிட்டியா?"

"ஆமாடி. காத்து நல்லாத்தான இருக்கு."

காற்று ஒன்றும் நல்லாயில்லை. ஆவணி மாதத்துப் புழுக்கம், பகலெல்லாம் வெந்த தார் ரோடு இன்னும் சூட்டை விட்டுக்கொண்டிருந்தது. ஷீலாவுக்கு உள்ளங்காலில் தெரிந்தது.

காரணம் கருப்பம்மாள். கோவில் தெருவில் இட்லி விற்கிறவள். வீட்டில் கும்பிடுவது கருப்பரை, வருஷம் தவறாமல் நடப்பது வேளாங்கண்ணிக்கு. கோட்டையூரில் கூட்டம் தண்ணீர் குடிக்க நின்றபோது அவள் கார்க் கண்ணாடியைத் தட்டி, "என்ன சவரி, உள்ள ஊட்டி மாதிரி இருக்கா? கதவத் தொறந்து கொஞ்சம் குளுரக் கீழ தள்ளி விடு தாயி. எங்க காலாவது ஆறும்" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சவரியம்மாளும் சிரித்தாள். வருஷா வருஷம் அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் நடந்தவள் அவள். போன தை மாதம் மதுரையில் நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றியிருந்தார்கள். நடக்கக் கூடாது, வெயிலும் புழுக்கமும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியும், இந்த வருஷம் மாதாவைப் பார்க்காமல் இருக்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சிரித்து முடித்ததும் அவள் முகம் சின்னதாகிப் போனதை ஷீலா பார்த்தாள். தப்பு பண்ணுகிற மாதிரி அவள் கை ஏசிக் குமிழுக்குப் போனதைத்தான் பார்க்கவில்லை.

"அம்மா, ஏசியப் போடும்மா. டாக்டர் என்ன சொன்னாரு?"

"எல்லாரும் காலு கொப்பளிச்சு நடக்குறாக. நான் மட்டும் கண்ணாடிய ஏத்திக்கிட்டு மகாராணி மாதிரி வரவா? மாதா என்னைப் பாத்தா சிரிக்கமாட்டாளா?"

"கொஞ்ச நேரமாச்சும் போடு."

"போடி. நீ செபத்தச் சொல்லு."

ஷீலா அப்பாவைப் பார்த்தாள். அவர் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் போட்டு, தாடை தொங்க, முன்னால் போகும் கால்களையே வெறித்துக்கொண்டிருந்தார். முந்தின ராத்திரி, தான் வண்டி ஓட்டும் வீட்டு ஆச்சியின் மகனைத் திருச்சி ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு விடியக்காலையில்தான் திரும்பியிருந்தார். கண் திறந்திருந்ததே தவிர அவர் விழித்திருந்தார் என்று சொல்ல முடியாது. வண்டியில் சூடு காட்டும் முள் எப்போதோ படுத்துவிட்டது. ஆகவே அவருக்கும் தெரிய வழியில்லை.

அவரிடம் சொல்லலாம். ஒரே வரி. "அப்பா, ஏசி போட்டாத்தான் அந்த ஃபேன் சுத்தும்." அந்த ஒரு வரி ஷீலாவின் நாக்கு வரை வந்து வந்து திரும்பியது. ஏனென்றால் அப்பா இதை முந்தாநாளே அவளிடம் கேட்டிருந்தார். அவள் வேறு மாதிரி சொல்லியிருந்தாள்.

கார் அவர்களுடையது அல்ல. கோட்டையூர் மெய்யம்மை ஆச்சியுடையது. ஷீலா பிறந்த வருஷத்திலிருந்து சூசைமரியான் அந்த வீட்டு டிரைவர். அவருக்கு முன்னால் இருந்தவர் இராமு. ஆச்சியைக் கேட்காமல் ஒருநாள் ஹாரனை மாற்றி மாட்டினார். "என் வண்டி தெருமுனையில வர்றது எனக்கு அடுப்படியில நின்னாலே தெரியும். இன்னைக்கு எவன் வண்டியோ வந்து நிக்குது" என்று சொல்லி, அன்றைக்கே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார் ஆச்சி. வண்டியில் ஓர் ஆணி மாறினாலும் தன்னிடம் சொல்ல வேண்டும் என்பது ஆச்சியின் சட்டம். இந்தக் கதையைச் சூசைமரியான் வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை.

அந்த ஆச்சிதான், "சவரி நடக்க முடியாமப் போனா என்னப்பா? நம்ம வண்டியில ஏசி இருக்குல்ல. சொகமாக் கூட்டிட்டுப் போயிட்டு வா" என்று சாவியைக் கொடுத்தார். போன வருஷம் மகன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது வைத்த ஏசி அது. ரோட்டில் ஓடும்போது ஒன்றும் தெரியாது, எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நடக்கிற வேகத்தில் போனால் காற்று ஏது? ஏசிக்காக ரேடியேட்டருக்கு முன்னால் கண்டன்சர் என்று இன்னொரு சூடான தட்டியை வேறு நிறுத்தியிருந்தார்கள். பெல்ட்டில் சுற்றும் பழைய ஃபேன் அதற்குப் பத்தாது. வண்டி கொதித்துவிடும், அதனால் ஏசி போட முடியாது, அதனால் சவரி வர முடியாது என்று சூசைமரியான் முடித்துவிட்டார். அன்று அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

"நான் எலக்ட்ரிக் ஃபேன் வச்சுத் தர்றேம்ப்பா" என்றாள் ஷீலா.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் இரண்டாம் வருஷம். வகுப்பில் ரிலே வயரிங்கில் அவள்தான் முதல். காயலான் கடையில் மாருதி கார் ஃபேன் ஒன்று கிடைத்தது. அதை வைக்க இடம் வேண்டுமென்றால் பழைய ஃபேனைக் கழற்றித்தான் ஆக வேண்டும். சூசைமரியான் வெகுநேரம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் ஆச்சியிடம், "ஏசிக்குச் சின்ன வேலை ஒண்ணு இருக்கு ஆச்சி" என்று மட்டும் சொல்லி வண்டியை வீட்டுக்கு எடுத்து வந்து, தன் கையாலேயே அதைக் கழற்றினார்.

வயரிங் சுலபம். பேட்டரியிலிருந்து ஒரு தடித்த வயர், நடுவில் ஃபியூஸ், அப்புறம் தானாகவே கரண்டைச் சேர்த்துவிடும் ரிலே, அங்கிருந்து ஃபேன். அந்த ரிலேயைத் தூண்டிவிட இரண்டு இடத்திலிருந்து கரண்ட் வர வேண்டும். ஒன்று ஏசி போட்டதும் வருவது. இன்னொன்று, ஏசி இல்லாவிட்டாலும் தண்ணீர் சூடேறினால் வருவது. முதலாவதற்கு ஏசி கம்ப்ரசருக்குப் போகும் வயரில் ஓர் இணைப்பு எடுத்தால் முடிந்தது. இரண்டாவதற்கு ரேடியேட்டரில் ஒரு சூட்டு சுவிட்ச் வைக்க வேண்டும். ரேடியேட்டரைக் கழற்றி, ஓட்டை போட்டு, பித்தளை வைத்துப் பற்றவைக்க வேண்டும். பட்டறைக்காரர் அடுத்த வாரம் வரச் சொன்னார். உள்ளே கையால் போடுகிற மாதிரி ஒரு சுவிட்ச் வைக்கலாமென்றால், ஆச்சி வண்டியின் டேஷ்போர்டில் யார் ஓட்டை போடுவது?

அம்மாவுக்காகத்தானே வண்டி, அம்மா இருந்தால் ஏசி ஓடும், ஏசி ஓடினால் ஃபேன் ஓடும். அது போதும் என்று ஷீலா முதல் வயரோடு நிறுத்திக்கொண்டாள். கொசு பிடுங்கியது. காலையிலிருந்து சமையல், துணி, அம்மாவின் மாத்திரை, பாலிடெக்னிக், மறுபடி சமையல். இடுப்பு கழன்று விழுகிற மாதிரி இருந்தது. டார்ச் பிடித்துக்கொண்டிருந்த அப்பா கேட்டார்: "ஏசி போடலேன்னாலும் ஃபேன் சுத்துமாத்தா?"

இல்லை என்றால் அப்பா அங்கேயே எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார். அம்மா மறுபடி சாப்பிடாமல் படுப்பாள்.

"சுத்தும்ப்பா. எல்லாம் ஆட்டோமேட்டிக்."

வண்டியை நின்ற இடத்திலேயே வைத்து ஏசியைப் போட்டுப் பார்த்தார்கள். ஃபேன் ஊரைக் கூட்டுகிற மாதிரி இரைந்து சுற்றியது. வண்டியை ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள்; குறையில்லை. சூசைமரியான் மகளின் தலையில் கிரீஸ் கையோடு ஒரு தட்டு தட்டினார். அவ்வளவுதான். அவருக்கு அது பெரிய பாராட்டு.

இப்போது அந்தத் தட்டுதான் ஷீலாவின் வாயை அடைத்துக்கொண்டிருந்தது.

பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். சுட்டது. நடந்தபடியே மறுபடி குனிந்து, "அம்மா, கால் ரொம்ப எரியுது. ஏசியப் போடு, நான் கொஞ்சம் உள்ள உக்காந்துக்கிறேன்" என்றாள்.

"உள்ள வந்து உக்காரு. ஏசி எதுக்கு?" என்று அம்மா கதவைத் திறக்கப் போனாள்.

"வேணாம் வேணாம். நடக்குறேன்."

"இந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சு இன்னைக்கு?"

ஜெபமாலையில் அடுத்த மணி. வாத்தியார் ஆரம்பித்தார், கூட்டம் முடித்தது. ஷீலாவும் வாயை அசைத்தாள். ஆனால் அவள் மாதாவிடம் கேட்டது வேறு. புதுவயல் வந்துவிட வேண்டும். அங்கே ராத்திரி தங்கல். வண்டியை நிறுத்தியதும் அப்பா தூங்கிவிடுவார், யாருக்கும் தெரியாமல் பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயர் இழுத்துவிடலாம். புதுவயல் மட்டும் வந்துவிடட்டும்.

புதுவயல் வரவில்லை. முதலில் வந்தது வாசனை. வெந்த ரப்பரும் இனிப்பும் கலந்த மாதிரி. அப்புறம் பானெட்டின் இடுக்கில் வெள்ளையாக ஒரு நூல். ஷீலா வாயைத் திறந்து, "அப்பா, நிப்பாட்டுங்க!" என்று கத்துவதற்குள் உள்ளே ஏதோ பொத்தென்று வெடித்து, புகை இரண்டு பக்கமும் பீறிட்டுக்கொண்டு வந்தது.

சூசைமரியான் தூக்கத்திலிருந்து அடிபட்டு எழுந்தவர் மாதிரி எஞ்சினை நிறுத்தினார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஒலிபெருக்கியிலிருந்து வாத்தியாரின் குரல், "சூசை, என்னப்பா, எங்களுக்கு சாம்பிராணி போடுறியா?" என்றது. யாரும் அதிகம் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அசதி. "ஓஸ்பைப்பு போயிருச்சுபோல. நீங்க போங்க சார், ஆறுனதும் வாரோம்" என்று அப்பா கையை ஆட்டினார். ஒலிபெருக்கியும் விளக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போய், வளைவில் மறைந்தன.

அப்பா பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். ஓஸ்பைப்பு கிழியவில்லை, மூடி வழியாகத்தான் கொதிதண்ணீர் பொங்கியிருந்தது. சுற்றாமல் நின்ற ஃபேனைப் பார்த்தார். ஷீலா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. டிக்கியிலிருந்து பிளாஸ்டிக் கேனை எடுத்துக்கொண்டு, "அங்குட்டு ஊருணி இருக்கு. தண்ணி கிடந்தா மொண்டு வாரேன். மூடியில கைய வச்சிராத, ஆளத் தூக்கிரும்" என்று சொல்லி இருட்டில் இறங்கிப் போனார். அவர் செருப்புச் சத்தம் தேய்ந்து அடங்கியது.

ஷீலா காருக்குள் ஏறி, அம்மாவுக்குப் பக்கத்தில், அப்பாவின் சீட்டில் உட்கார்ந்தாள்.

"அம்மா."

"என்னடி?"

"அம்மா, நான் ஒண்ணு சொல்றேன். கத்தாத. நெஞ்சு வலிக்கும்."

சவரியம்மாள் திரும்பிப் பார்த்தாள். இருட்டில் அவள் கண் மட்டும் தெரிந்தது.

"அந்த ஃபேன் ஏசி போட்டாத்தாம்மா சுத்தும். நீ நிப்பாட்டுனதும் அதுவும் நின்னுருச்சு. எனக்கு அப்பவே தெரியும். கோட்டையூர் தாண்டுனதுல இருந்து தெரியும். சொல்லணும் சொல்லணும்னு வந்தேன். பயமா இருந்துச்சும்மா. அப்பா அன்னைக்கே கேட்டாரு, ஏசி போடலேன்னாலும் சுத்துமான்னு. நான் சுத்தும்னு சொல்லிட்டேன். பொய்யி சொல்லிட்டேன்."

அழக் கூடாது என்று நினைத்திருந்தாள். மூக்கு ஒழுகியது, துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

"எஞ்சின் போயிருந்தா என்னம்மா செய்றது? ஆச்சி அப்பாவ அனுப்பிருவாக. இராமுவ ஒரு ஹாரனுக்கு அனுப்புனாக. இங்க ஃபேனையே கழட்டியிருக்கோம். அப்பா இனிமே எங்க போயி வண்டி ஓட்டுவாரு? கண்ணும் முன்ன மாதிரி இல்ல அவருக்கு. எனக்கு செத்துரலாம்போல இருக்கும்மா."

"வாயக் கழுவு" என்றாள் சவரியம்மாள். ஏசிக் குமிழைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம், "அப்ப இது நான் அணைச்சதால ஆனதா?" என்றாள்.

"இல்லம்மா..."

"என்ன இல்ல? என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தா அந்தக் கருப்பம்மா என்ன பேசுனாலும் நான் அத அணைச்சிருப்பேனா? ஊரு பாக்கட்டும்னு குளுந்துக்கிட்டுக் கெடந்திருப்பேன்." கோபத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். மூச்சு நிதானமானதும் குரலை இறக்கினாள். "சரி, நான் சொல்றதக் கேளு. உங்கப்பா வந்து கேட்டா நீ பேசாத. நான் கண்டதையும் திருகி வயர அத்துட்டேன்னு சொல்லிக்கிறேன். எனக்கு என்ன தெரியும், நோயாளி. ஆறுனதும் தண்ணிய ஊத்தி, ஏசியப் போட்டுக்கிட்டே போயிருவோம். ஆச்சிக்கு எதுக்குத் தெரியணும்? திரும்பி வந்ததும் பழைய ஃபேன மாட்டிருவோம்."

சொல்லிக் கேட்டபோது எல்லாமே எளிதாக இருந்தது. ஒரு குமிழைத் திருகினால் ஃபேன் சுற்றும். வண்டி போகும். அம்மா மாதாவைப் பார்ப்பாள். ஷீலாவுக்கு உடம்பெல்லாம் தளர்ந்து, அப்படியே தூங்கிவிடலாம்போல இருந்தது.

அப்பா வந்தார். கேனில் பாதிக்குத்தான் தண்ணீர், அதிலும் சேறு கலங்கியிருந்தது. அதைக் கீழே வைத்து, துண்டை விரித்து வடிகட்டத் தயார் பண்ணினார். டார்ச்சை ஷீலாவிடம் கொடுத்தார். எஞ்சின் ஆயில் பார்க்கும் கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார்.

"வெளிச்சத்தக் காட்டு. டீ மாதிரி வெளுத்திருந்தா உள்ள தண்ணி எறங்கிருச்சுன்னு அர்த்தம். அப்புறம் எஞ்சினப் பிரிச்சுத்தான் ஆகணும்."

ஷீலா டார்ச்சைக் காட்டினாள். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கம்பிக்கு நேராகத் திருப்பினார். கம்பியின் நுனியில் ஆயில் கறுப்பாக இருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்தார்.

"இன்னைக்குத் தப்பிச்சிருச்சு" என்றார். அதில் சந்தோஷமில்லை. "இந்த ஃபேன் ஏன் சுத்தலைன்னுதான் தெரியல."

முன்சீட்டிலிருந்து சவரியம்மாள், "ஏங்க, அது நான்தான்..." என்று ஆரம்பித்தாள்.

"இல்லப்பா" என்றாள் ஷீலா. அப்படிச் சொல்வாள் என்று அவளே நினைக்கவில்லை. வெளுக்காத அந்த ஆயிலைப் பார்த்த பிறகு வாய் தானாகத் திறந்துகொண்டது. "ஃபேனுல ஒண்ணும் இல்லப்பா. ஏசிய நிப்பாட்டுனா அது நிக்கும். அப்படித்தான் வயர் பண்ணேன். உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

பானெட்டுக்குள் ஏதோ டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது. சூசைமரியான் கம்பியை அதன் குழாயில் செருகினார். இரண்டு தடவை தவறி மூன்றாவது தடவைதான் உள்ளே போனது.

"ஏத்தா அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா வேணாம்பீக."

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

அதற்கு மேல் அவர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று ஷீலாவுக்கு இருந்தது. அவர் ரோட்டோரத்தில் குந்தி உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்துக்கொண்டார். எழுந்திருக்க மாட்டாரோ என்று பயம் வந்தது. எழுந்தார். மூடியின் மேல் துணியைப் போட்டு மெல்லத் திருகி, மிச்ச ஆவியை விட்டு, எஞ்சினை ஓட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினார். சவரியம்மாள் தானாகவே ஏசிக் குமிழைத் திருகினாள். ஃபேன் இரைந்தது.

"பாத்தீகளா, சுத்துது. போலாம்ங்க" என்றாள். "அவுக புதுவயல் போயிச் சேர்றதுக்குள்ள போயிரலாம்."

சூசைமரியான் வண்டியில் ஏறினார். கியரைப் போட்டார். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, வந்த வழியே திருப்பினார்.

"எங்க போறீக?"

"ஆச்சி வீட்டுக்கு."

"ஏங்க, வண்டிதான் நல்லா ஓடுதே!"

"ஓடுது. இது ஆச்சி வண்டி. புள்ள என்கிட்டப் பொய் சொன்னா. நான் ஆச்சிகிட்டச் சின்ன வேலைன்னு சொன்னேன். ரெண்டும் ஒண்ணுதான். வழியில எங்கயாவது எஞ்சின் நின்னுபோச்சுன்னா அப்ப போன்ல கூப்பிட்டுச் சொல்லவா? பக்கத்துல இருக்கப்பவே சொல்லிருவோம்."

சவரியம்மாள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அழுதாளா என்று பின்சீட்டிலிருந்த ஷீலாவுக்குத் தெரியவில்லை. எதிர்க்காற்று ஜில்லென்று அடித்தது. அவ்வளவு நேரம் நடந்து கடந்த தூரம் கண்ணை மூடித் திறப்பதற்குள் பின்னால் போனது.

ஆச்சி வாசலுக்கு வந்தபோது கையில் மாத்திரை டப்பா இருந்தது. மகன் ஊருக்குப் போன வீடு. உள்ளே எங்கேயோ டிவி தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தது. சூசைமரியான் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், "பானெட்டத் தொற" என்றார். கிட்டே வந்து, டார்ச் அடித்து, வயரின் தலையிலிருந்து வால் வரை பார்த்தார்.

"யாரு பண்ணது?"

"நான்தான் ஆச்சி" என்றாள் ஷீலா.

"பொய் சொன்னது?"

"அதுவும் நான்தான் ஆச்சி."

"ரெண்டுமே சுத்தமாத்தான் பண்ணியிருக்க. பாலிடெக்னிக்ல ரெண்டுக்கும் பாடம் எடுக்குறாகளா?"

ஷீலா தலையைக் குனிந்துகொண்டாள். கால் பெருவிரலில் கொப்புளம் உடைந்து ஈரமாக இருப்பதை அப்போதுதான் பார்த்தாள்.

"அவ சின்னப்புள்ள சூசை. நீ?" என்றார் ஆச்சி. "பதினேழு வருசத்துல ஒரு தடவ என்கிட்ட வந்து, ஆச்சி, ஃபேனக் கழட்டவான்னு கேட்டிருந்தா நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுருப்பேன்?"

"தின்னுருப்பீக ஆச்சி" என்றார் சூசைமரியான். அது அவருக்குத் தெரியாமலே வெளியே வந்துவிட்டது.

ஆச்சி சிரிக்கவில்லை. உதட்டை மட்டும் இறுக்கிக்கொண்டார். "சாவியக் கொடு."

சூசைமரியான் கொடுத்தார். ஆச்சி அதை மாத்திரை டப்பாவோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"கழட்டுன ஃபேன் இருக்கா, எடைக்குப் போட்டுட்டீகளா?"

"வீட்டுல பத்திரமா இருக்கு ஆச்சி."

"கொண்டாந்து பழையபடி மாட்டு. வயர் இழுத்த கையே அதையும் மாட்டட்டும். மெக்கானிக் வந்து எஞ்சினுக்கு ஒண்ணுமில்லைன்னு சொன்னதுக்கு அப்புறம் என்கிட்ட வந்து சாவியக் கேளு. கொடுக்கறதா வேணாமான்னு அப்பப் பாப்போம். சவரி இங்கயே படுக்கட்டும். நெஞ்சத் தச்ச பொம்பளைய ராத்திரி நேரத்துல ரோட்டுல இழுத்துட்டு அலையாதீக."

சவரியம்மாளை உள்ளே அழைத்துப் போனார்கள். படியேறும்போது அவள் நின்று, "கொடியேத்தத்துக்கு பஸ்ஸுலயாவது போலாமாங்க?" என்றாள்.

"பாப்போம்" என்றார் சூசைமரியான்.

அப்பாவும் மகளும் மெயின் ரோட்டுக்கு வந்து, வீடு இருக்கும் காரைக்குடியைப் பார்த்து நடந்தார்கள். அப்பா முன்னால், ஷீலா நாலடி பின்னால். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அனுப்பிவிட்டார்களா, இல்லையா என்று கேட்கத் தோன்றியது. அவருக்கே தெரியாததை அவரிடம் கேட்டு என்ன பண்ணுவது?

கடைசி டவுன் பஸ், உள்ளே ஆளில்லாமல் விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு பின்னாலிருந்து வந்தது. வேகம் குறைந்தது. படியில் தொங்கிய கண்டக்டர் இருவரின் காவித் துணியையும் வெறுங்காலையும் பார்த்துவிட்டு, "ஏண்ணே, வேளாங்கண்ணி அங்குட்டு இருக்கு! இங்குட்டு எங்க போறீக?" என்று கத்தினான்.

சூசைமரியான் நின்றார். என்ன சொல்வது என்று யோசித்த மாதிரி இருந்தது. "போயிட்டு மறுக்கா வரணும் தம்பி" என்றார்.

"அப்ப ஏறுங்க. நடந்தா விடிஞ்சுரும்."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு நேரத்துக்கும் அப்போதுதான் பார்த்தார். "ஏறுத்தா" என்றார்.

ஜன்னலோரம் அவர் உட்கார்ந்தார், பக்கத்தில் அவள். பஸ் கிளம்பி நாலு தந்திக்கம்பம் தாண்டுவதற்குள் அப்பா தூங்கிவிட்டார். அவர் தலை ஒவ்வொரு குலுக்கலுக்கும் சரிந்து, கடைசியில் அவள் தோளில் வந்து நின்றது. கனமாக இருந்தது. ஷீலாவுக்கும் கண் சொக்கியது.

"எங்கம்மா எறங்கணும்?" என்றான் கண்டக்டர்.

"கோவில் ஸ்டாப்பு" என்றாள். வலது கையால் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தோளை அசைக்காமல், ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.